வரிசையில் ஒன்பதாவது படகு

பெராஸ்ட் ஊரின் படித்துறையிலிருந்து எதிரே இருக்கிற தீவுக்குப் படகில் ஐந்தே நிமிடம். போகவர ஆளுக்கு ஐந்து யூரோ. அந்த ஐந்து நிமிடத்தைப் பெரினா ஒரு நாளைக்கு இருபது முறையாவது கடந்துவிடுவாள். பிப்ரவரியில் அவள் கணவன் ஸ்வானே பக்கவாதத்தில் விழுந்ததிலிருந்து சுக்கான் அவள் கையில்தான். ஜப்பான்காரர்கள், போலந்துக்காரர்கள், கல்யாணமாகி நாலு நாள்கூட ஆகாத ஜோடிகள், ஊன்றுகோலோடு வருகிற கிழவர்கள் என்று உலகத்தில் பாதிப் பேரைத் தீவில் இறக்கிவிட்டுத் திரும்ப ஏற்றி வந்தவள் அவள். ஆனால் வருஷத்தில் ஒரு சாயங்காலம் மட்டும் சொந்தப் படகிலேயே அவள் கால் வைக்கக் கூடாது.

அந்தச் சாயங்காலம் இன்றைக்குத்தான். ஜூலை இருபத்திரண்டு.

சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கும்போது ஊர் ஆண்கள் படகுகளை ஒன்றன் பின் ஒன்றாகக் கயிற்றில் கட்டி, கல் ஏற்றிக்கொண்டு போய்த் தீவைச் சுற்றிக் கடலில் போடுவார்கள். தீவே அப்படிப் போட்ட கல்லால் ஆனதுதான். போடுவதை நிறுத்தினால் கடல் கொடுத்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப எடுத்துக்கொள்ளும். பெண்கள் கரையில் நின்று பார்க்கலாம். அவ்வளவுதான்.

வரிசையில் ஒன்பதாவது இடம் ஸ்வானேயின் வீட்டுக்கு. அவனுடைய தாத்தாவின் அப்பா காலத்திலிருந்தே ஒன்பது. ஒரு வருஷம் ஒரு வீட்டின் கல் விழவில்லையென்றால் பின்னால் இருக்கிற படகு ஓர் இடம் முன்னால் வரும். விட்டுப்போன வீடு அப்புறம் கடைசியில் போய் ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். கடைசியில் போய் ஒட்டிக்கொண்ட வீடுகள் இரண்டு மூன்று வருஷத்தில் வருவதையே நிறுத்திவிட்டன என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். இப்போது அந்த வீடுகளின் சாவி வாசல் பெட்டிக்குள் தொங்குகிறது. வாடகைக்கு வருகிற சுற்றுலாக்காரர்கள் எண்ணை அழுத்தித் திறந்துகொள்கிறார்கள்.

பெரினா இதற்காக ஒரு மாதமாகத் தயாராகியிருந்தாள். மகன் த்ரிபோ ஓர் உல்லாசக் கப்பலில் மூன்றாவது இன்ஜினியர். ஏப்ரலிலேயே எழுதியிருந்தான். அவனுடைய கப்பல் சரியாக ஜூலை இருபத்திரண்டாம் தேதி கொட்டோர் துறைமுகத்தில் நிற்கும், இரவு பத்து மணிக்குத்தான் கிளம்பும், ஐந்து மணியிலிருந்து ஒன்பதரை மணி வரை அவனுக்கு விடுப்பு. கொட்டோரிலிருந்து வீட்டுக்குச் சாலையில் அரைமணி நேரம். வந்து, அப்பாவோடு உட்கார்ந்து ஒரு தட்டு மீன் சூப் சாப்பிட்டுவிட்டு, கல்லையும் போட்டுவிட்டுப் போய்விடலாம்.

படகுக்கு வெள்ளை அடித்தாயிற்று. ஓரத்தில் கட்டப் பாப்ளர் மரக் கிளைகள் வெட்டி வைத்தாயிற்று. கல்லும் வந்துவிட்டது. மேல்சாலையில் இடிந்த சுவரைக் கட்டிக்கொண்டிருந்த கொத்தனார்களிடம் சொல்லி வைத்து, அன்று விடியற்காலை இரண்டு பேர் பலகை போட்டுச் சறுக்கிப் படித்துறையில் இறக்கினார்கள், பகல் சவாரி முடிந்ததும் படகில் ஏற்றித் தருவதாகப் பேச்சு. ஒரு கன்றுக்குட்டி படுத்திருப்பது போல இருந்தது கல். வழக்கமாக அப்பாவும் மகனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிப் போடுகிற அளவு.

"இத யாரும்மா தூக்கப் போறா?" என்று கேட்டான் கொத்தனார்களில் மூத்தவன்.

"என் பையன்."

"ஒத்தையாவா?"

"நீ அவன் தோளப் பாத்ததில்ல" என்றாள் பெரினா.

சின்னதாக ஒரு கல் எடுத்திருக்கலாம். அது அவளுக்கும் தெரியும். ஆனால் ஸ்வானே ஜன்னலிலிருந்து பார்க்கப் போகிறான். அத்தனை தூரத்தில் சின்னக் கல் விழுந்தால் என்ன தெரியும்? தண்ணீர் எழும்பித் தெறிப்பது கண்ணில் பட வேண்டும் என்று அவள் நினைத்தாள்.

ஸ்வானேயிடம் இப்போது ஒரே ஒரு சொல்தான் மிச்சம். "இல்ல." பசிக்கிறதா என்றால் இல்ல. பசிக்கவில்லையா என்றால் இல்ல. தண்ணீர் கேட்பதும் இல்லதான், தண்ணீர் போதும் என்பதும் இல்லதான். முதல் மாதம் அவள் அழுதாள். அப்புறம் பழகிவிட்டது. அவன் என்ன சொல்ல வருகிறான் என்று கண்ணைப் பார்த்து, கையைப் பார்த்து, பாதியை ஊகித்துக் குடும்பம் நடத்தினாள். மீதிப் பாதி தவறிப்போயிற்று.

அன்று காலை ஒன்பது மணிச் சவாரியில் பதினோரு பேர் ஏறினார்கள். எல்லோர் கழுத்திலும் ஒரே நிறப் பட்டை. த்ரிபோவின் கப்பலில் வந்த பயணிகள். பெரினாவுக்குச் சொந்தக்காரர்களையே ஏற்றிக்கொண்டது போல இருந்தது. என் பையன் உங்கள் கப்பலில்தான் வேலை செய்கிறான் என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள். அவர்கள் சந்தோஷப்பட்டார்கள். அவனைப் பார்த்ததாக ஒருவரும் சொல்லவில்லை. தீவிலிருக்கிற மாதா கோயிலுக்குள் போய், கடலுக்குப் போன கணவனுக்காக இருபத்தைந்து வருஷம் காத்திருந்த ஒருத்தி தன் தலைமுடியையே நூலாக்கித் தைத்த படத்தைப் பார்த்துவிட்டு, தேவதைகளின் தலை எந்த இடத்தில் பொன்னிறத்திலிருந்து நரைக்கிறது என்று விரல் காட்டி வியந்துவிட்டு வந்தார்கள். திரும்பும்போது ஓர் அம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கணவரை அவசரப்படுத்தினாள்.

மெதுவாகப் போகலாம், இரவு பத்து மணி வரை நேரம் இருக்கிறதே என்றாள் பெரினா.

அந்த அம்மாள் கழுத்துப் பட்டையின் பின்னால் செருகியிருந்த சீட்டை எடுத்துக் காட்டினாள். எண்கள் எந்த மொழியிலும் எண்கள்தான். கப்பலுக்குத் திரும்ப வேண்டிய நேரம் ஐந்தரை. புறப்பாடு ஆறரை. நேற்றிரவு மாற்றினார்களாம். வழியில் எங்கோ காற்று பலமாக இருக்கப் போகிறதாம்.

பெரினா படகைச் சுவரில் இடிக்காமல் கட்டினாள். அது கைப்பழக்கம். பிறகு போன் செய்தாள். எடுக்கவில்லை. அடுத்த நான்கு சவாரியிலும் ஒரு கையில் சுக்கான், ஒரு கையில் போன். மகன் கப்பலின் அடிவயிற்றில் இருக்கிறான், அங்கே போன் எடுக்காது என்று தெரியும். தெரிந்தும் போட்டுக்கொண்டே இருந்தாள்.

இரண்டு மணிக்கு அவனே கூப்பிட்டான்.

"அம்மா, உனக்கு யாரு சொன்னா?"

"உன் கப்பல்ல வந்தவங்க. அப்ப நிஜந்தானா?"

"வேலைக்காரங்க யாரும் இறங்கக் கூடாதுன்னுட்டாங்கம்மா. நான் ரெண்டு பேர் கிட்ட கேட்டேன். பெரிய இன்ஜினியர் கால்லதான் விழல."

"கிளம்பறப்ப நம்ம வீட்டு முன்னாலதானடா போவீங்க. மேல வந்து நில்லு. அப்பா உன்னயாவது பாக்கட்டும்."

துறைமுகத்தை விட்டு வெளியே போகிற வரைக்கும் அவனால் இடத்தை விட்டு அசைய முடியாது, தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இரண்டு தளம் இறங்கி இயந்திரத்தின் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று அவன் விளக்கினான். சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலப் பொறுமையாகச் சொன்னான். கடைசியில் அந்தப் பொறுமை உடைந்தது.

"நான் என்னம்மா பண்ணட்டும்? நீந்தியா வரட்டும்?"

"சாப்பிட்டியா?" என்று கேட்டாள் பெரினா.

உதவி கேட்பதற்குப் படித்துறையில் மிச்சம் இருந்த ஒரே ஆள் ஃப்ரானோ. எட்டாவது படகுக்காரன். அவன் படகின் பின்கயிறுதான் ஒன்பதாவது படகின் மூக்கில் கட்டப்படும். சுற்றுலாக்காரர்களை முறை தவறி ஏற்றுகிறான் என்று ஸ்வானேக்கும் அவனுக்கும் மூன்று வருஷம் முன்னால் தகராறு வந்து பேச்சு நின்றிருந்தது. ஸ்வானே விழுந்ததும் மனசு கேட்காமல் ஒரு பை ஆரஞ்சோடு பார்க்க வந்தான். சௌக்கியமா அண்ணே, பழசை மறந்துவிடலாமா என்றான். ஸ்வானே "இல்ல" என்றான். ஃப்ரானோ ஆரஞ்சை வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டான். அந்த ஆளிடம் இருக்கிற சொல்லே அது ஒன்றுதான் என்று ஊரார் சொல்லி அவன் நம்பவே ஒரு வாரம் ஆயிற்று.

இப்போது பெரினா சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

"அண்ணி, படகு வர்றதுக்கு ஆள் எதுக்கு? நான் இழுத்துட்டுப் போறேன். தீவுகிட்ட போனதும் என் கல்லப் போட்டுட்டு உங்க படகுல தாவி உங்க கல்லயும் போட்டுடறேன். கல்லு விழுந்தா கணக்குதான். யாரு போட்டாங்கன்னு சாமி கேக்கப் போறதில்ல."

"அவர ஒரு வார்த்த கேக்கணும்."

"ஒரு வார்த்ததான் அவர்கிட்ட இருக்கு" என்றான் ஃப்ரானோ. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

இரண்டு பேரும் மாடிக்குப் போனார்கள். சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, திருநாளுக்கு மாட்டுகிற பித்தளைப் பொத்தானையும் மாட்டிவிட்டுக் காலையிலேயே பெரினா ஸ்வானேயை ஜன்னலருகே உட்கார வைத்திருந்தாள். த்ரிபோ வரவில்லை என்பதைச் சொன்னாள். ஸ்வானே கடலைப் பார்த்தான்.

"ஃப்ரானோ கல்லப் போடட்டுங்களா?"

"இல்ல."

"வேண்டாங்கிறீங்களா?"

"இல்ல."

ஃப்ரானோ முழங்காலிட்டு அவன் முகத்துக்கு நேராக வந்தான். "அண்ணே, சரின்னா கண்ணச் சிமிட்டு. வேண்டாம்னா சும்மா இரு."

ஸ்வானேயின் இடது கண் பிப்ரவரியிலிருந்தே தானாகச் சிமிட்டிக்கொண்டுதான் இருந்தது. இப்போதும் இரண்டு முறை சிமிட்டியது. பிறகு ஃப்ரானோ எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டான். முடிவு பெரினாவினுடையதாக ஆயிற்று. அது சரியா தப்பா என்று சொல்ல வேண்டியவன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தான்.

ஏழு மணி தாண்டிக் கப்பல் வந்தது. மலை நகர்ந்து வருவது போலத் தீவுகளை மறைத்துக்கொண்டு வந்தது. கப்பலில் போகிற பிள்ளை உள்ள வீடு, கப்பல் கடக்கும்போது ஜன்னலிலிருந்து வெள்ளைத் துப்பட்டியை வீசும். கப்பல் ஒரு முறை ஊதும். பாய்மரக் காலத்திலிருந்து இந்தக் கடற்கரையில் அதுதான் பழக்கம். பெரினா பெட்டியிலிருந்து கல்யாணத் துப்பட்டியை எடுத்து ஒரு முனையை ஸ்வானேயின் நல்ல கையில் சுற்றிக் கொடுத்தாள். மறுமுனையை அவள் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் வீசினார்கள்.

கப்பலில் பதினான்கு அடுக்கு. ஒவ்வோர் அடுக்கிலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆட்கள். முதலில் யாரோ ஒருவர் பதிலுக்குக் கை அசைத்தார். பக்கத்தில் இருந்தவர் அசைத்தார். அப்புறம் அந்தப் பக்கம் முழுக்க அசைந்தது. ஆயிரம் கை, இரண்டாயிரம் கை. ஜன்னலில் ஒரு கிழவனும் கிழவியும் தங்களை வழியனுப்புகிறார்கள் என்று நினைத்துப் படம் எடுத்தார்கள். ஒரு சிறுமி தோளிலிருந்த துண்டை உருவி வீசினாள். காலையில் சீட்டைக் காட்டிய அம்மாள்கூட அங்கே எங்காவது நின்றிருப்பாள்.

பெரினாவின் கண் அந்தக் கைகளில் இல்லை. கப்பலின் வெள்ளை முடிந்து கருநீலம் தொடங்கி, அது தண்ணீருக்குள் போகிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்கும் கீழே இரண்டு தளம். அங்கே ஜன்னல் கிடையாது.

கப்பல் ஊதவில்லை. ஜலசந்திக்குள் திரும்பி மறைந்தது. அது கிளப்பிவிட்ட அலை கொஞ்சம் தாமதமாக வந்து படித்துறைப் படகுகளை ஒன்றோடொன்று இடிக்க வைத்தது.

எட்டு மணிக்கு வரிசை கிளம்பியது. பாதிரியார் முதல் படகில். பின்னால் கயிற்றில் கோத்த மாதிரி பத்து, பதினைந்து படகுகள். ஆண்கள் அந்தப் பழைய நீட்டல் பாட்டைத் தொடங்கினார்கள். கரையில் கால் வைக்க இடமில்லை. பெரினா தன் வீட்டு வாசலுக்கு எதிரே, இரண்டு வெளிநாட்டுக்காரர்களின் தோளுக்கு நடுவே முகத்தை நுழைத்து நின்றாள். எட்டாவதில் ஃப்ரானோ நிமிர்ந்து துடுப்பைப் பிடித்திருந்தான். ஒன்பதாவது, இலைகளும் கல்லும் மட்டுமாக, ஆளில்லாமல் அவன் பின்னால் போயிற்று. பத்தாவதில் இருந்த அண்ணன் தம்பிகள் முன்னால் போகிற காலிப் படகைப் பார்த்தார்கள். பிறகு கரையைப் பார்த்தார்கள்.

அந்தப் படகில் யாருமே இல்லையே, அதுவும் ஒரு சடங்கா என்று பக்கத்தில் நின்ற இளைஞன் அவளிடமே கேட்டான். பெரினா தலையை ஆட்டி வைத்தாள்.

தீவை அடைவதற்குள் வெளிச்சம் மங்கிவிட்டது. கற்கள் விழுகிற சத்தம் தண்ணீர் மேல் தவழ்ந்து வந்தது. தொப், தொப் என்று. எது யாருடையது என்று யார் சொல்ல முடியும்? பெரினா எண்ணத் தொடங்கிப் பாதியில் தொலைத்தாள். போன் திரைகள் சுற்றிலும் ஒளிர்ந்து கண்ணைக் கூச வைத்தன.

திரும்பும்போது கயிறுகளை அவிழ்த்து அவரவர் படகு அவரவர் துறைக்கு வந்தது. ஃப்ரானோ ஒன்பதாவதைக் கொண்டுவந்து பெரினாவின் வீட்டுக்குக் கீழே இருந்த வளையத்தில் கட்டினான். "முடிஞ்சுது அண்ணி" என்றான், குனிந்து முடிச்சுப் போட்டபடியே.

அவள் நன்றி சொன்னாள். சூப் குடித்துவிட்டுப் போகச் சொன்னாள். பசியில்லை என்றான். ஃப்ரானோ ஒரு நாளும் சொல்லாத சொல் அது. அவள் அப்போது அதைக் கவனிக்கவில்லை. படியேறி மாடிக்குப் போய்க் கணவனின் தோளில் கை வைத்தாள்.

"போட்டாச்சுங்க. ஒன்பது ஒன்பதாவே இருக்கு."

"இல்ல" என்றான் ஸ்வானே.

அவள் சிரித்துக்கொண்டே சூப்பை ஊற்றினாள். ஐந்து மாதமாகக் கேட்கிற சொல். கரண்டியை அவன் வாயருகே கொண்டுபோனாள். அவன் வாயைத் திறக்கவில்லை.

"இல்ல."

நல்ல கையை எடுத்து ஜன்னல் பக்கம் நீட்டினான். கீழே. தெருவிளக்கு வெளிச்சத்தில் படகு நின்றிருந்தது. நாற்பது வருஷம் அந்தப் படகை ஓட்டியவன் அவன். எத்தனை பேர் ஏறியிருக்கிறார்கள் என்பதை எண்ணிப் பார்க்காமல், பக்கப் பலகை தண்ணீருக்கு மேல் எத்தனை விரல் நிற்கிறது என்று பார்த்துச் சொல்லிவிடுவான். பெரினாவும் குனிந்து பார்த்தாள். அவள் புதிதாக அடித்த வெள்ளைப் பட்டை பின்பக்கம் கண்ணில் படவே இல்லை. தண்ணீருக்குள் இருந்தது.

அவள் கீழே ஓடினாள். இலைகளை விலக்கினாள். கல் கொத்தனார்கள் ஏற்றி வைத்த இடத்திலேயே இருந்தது.

ஃப்ரானோ போயிருக்கவில்லை. இரண்டு வீடு தள்ளிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தான். இருட்டிலும் தோல் உரிந்திருப்பது தெரிந்தது.

"அது ரெண்டு பேர் தூக்குற கல்லு அண்ணி" என்றான். "எல மூடிக் கிடந்துச்சு, இவ்வளவு பெருசுன்னு எனக்குத் தெரியல. நாலு தடவ தூக்கிப் பாத்தேன். அசையல. அதுக்குள்ள முன்னால கயித்த இழுத்துட்டாங்க."

"பத்தாவதுல இருந்தவங்கள ஒரு கை பிடிக்கச் சொல்லக் கூடாதா?"

"கேட்டேன்" என்றான் ஃப்ரானோ. உள்ளங்கையை ஊதிக்கொண்டு, "காதுல விழாத மாதிரி பாடிக்கிட்டே இருந்தாங்க" என்றான்.

விடிந்ததும் நானே ஆள் கூட்டிக்கொண்டு வருகிறேன், யாருக்கும் தெரியாமல் போட்டுவிடலாம் என்று அவன் பேசிக்கொண்டே போனான். நாளைக்குப் போடுகிற கல் வெறும் கல் என்பது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். படகு ஆளில்லாமல் போனதால் தோற்கவில்லை. மகனின் தோளை நினைத்து அவள் கல்லைப் பொறுக்கியதால்தான் தோற்றது.

பெரினா படகில் இறங்கினாள். இந்தச் சாயங்காலம் இறங்கக் கூடாது. இறங்கினாள். கல்லின் அடியில் இரண்டு கையையும் கொடுத்து, முழங்காலை முட்டுக் கொடுத்துத் தள்ளினாள். படகுதான் ஆடியது. வளையம் கிறீச்சிட்டது. கரையில் பார்ட்டி முடிந்து போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் நின்று அவளைப் படம் எடுத்தார்கள்.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. கப்பல் திறந்த கடலுக்குப் போயிருக்கும். த்ரிபோ மேலே வந்திருப்பான். "போட்டாச்சாம்மா?" என்று எழுதியிருந்தான். பின்னாலேயே, "அப்பா பாத்தாரா?"

அவள் நிமிர்ந்தாள். மாடி ஜன்னலில் வெள்ளைச் சட்டை தெரிந்தது. முகம் தெரியவில்லை. அந்தச் சொல் மட்டும் இன்னொரு முறை இறங்கி வந்தது. ஐந்து மாதத்தில் இந்த ஒரு மாலை மட்டும்தான் அவன் சொன்னதில் அவள் எதையும் ஊகிக்க வேண்டியிருக்கவில்லை.

காலை எட்டு மணிக்குத் துறையில் புதுக் கப்பலின் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். கழுத்தில் வேறு நிறப் பட்டை. கல் இருந்ததால் பன்னிரண்டு பேர் ஏறுகிற படகில் பத்துப் பேர்தான் ஏற முடிந்தது. ஒரு பெண் செருப்பைக் கழற்றிக் கல்லின் மேல் காலை நீட்டிக்கொண்டு, இது எதற்கு என்று கேட்டாள்.

பெரினா கயிற்றை அவிழ்த்துச் சுக்கானைத் தீவின் பக்கம் திருப்பினாள்.